நீர்ப்பிரமியா, வல்லாரையா, ஜின்கோவா? நினைவுக்கு எதை எடுப்பது

அம்மா தையல் வேலை செய்பவர். போன வருடம் ஒரு நாள் துணியின் மேல் நாடாவை வைத்து அளந்தார், பக்கத்தில் கிடந்த நோட்டை இழுத்தார், பென்சிலைக் கையில் எடுத்தார், அப்படியே நின்றார். எண் மறந்துபோயிருந்தது. மறுபடி அளந்தார், மறுபடி நின்றார். மூன்றாவது தடவை நாடாவை விடாமல் பிடித்துக்கொண்டே, "பதினாலரை, நீயே எழுதுப்பா" என்றார். நாற்பது வருடம் அளவுகளை மனதிலேயே வைத்துத் தைத்தவர். வயது 68.

விஷயம் வீட்டில் பரவியதும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். சித்தி வல்லாரைப் பொடியை வாங்கியே வந்துவிட்டார். மாமா பிரமி மாத்திரை என்றார். தம்பி, ஜின்கோ மரத்து இலையிலிருந்து செய்த மாத்திரை அனுப்பவா என்று கேட்டான்; இரண்டு நாள் கழித்து, அதைவிட ஹூபர்சைன் பலமானதாம் என்றான். அமுக்கரா (அஸ்வகந்தா) எடுத்தால் தூக்கமும் வரும், மூளையும் தெளியும் என்றாள் அக்கா. எல்லோரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் ஐந்தையும் ஒருவருக்கே கொடுக்க முடியாது. எதைக் கொடுப்பது, அல்லது எதையுமே கொடுக்காமல் விடுவதா என்ற முடிவு என்னிடம் வந்தது.

நான் மருத்துவன் இல்லை, வேதியியல் படித்தவன். ஒரு மூலிகை நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன், உடம்புக்குள் அது எங்கே போய் எதைத் தொடுகிறது என்று பார்ப்பது என் வழக்கம். இந்த ஐந்தையும் அப்படித்தான் பார்த்தேன்.

ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தி போக, நடுவில் ஒரு நுண்ணிய இடைவெளியைத் தாண்ட வேண்டும். பெரும்பாலும் அதைத் தாண்டிப் போவது ஒரு வேதிப்பொருள். கவனிக்கவும், புதிதாக ஒன்றை மனதில் பதிக்கவும் மிகவும் வேண்டியது அசிட்டைல்கோலின். செய்தியைச் சேர்த்த பிறகு அது அங்கேயே தேங்கிக் கிடக்கக் கூடாது என்பதால், அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி உடனே அதை வெட்டிப்போடுகிறது. அல்சைமர் நோயில் அசிட்டைல்கோலினைச் சுரக்கும் நரம்பணுக்கள் மடிந்துகொண்டே போகின்றன. அந்த நோய்க்குத் தரப்படும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கலன்டமின் மூன்றும் வெட்டும் நொதியைத்தான் கட்டிப்போடுகின்றன. சுரப்பது குறைவாக இருந்தாலும், சுரந்தது கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கட்டும் என்பதுதான் கணக்கு.

இதில் கலன்டமின் ஒரு செடியிலிருந்து வந்தது. ஸ்னோடிராப் என்ற சின்ன வெள்ளைப் பூச்செடியின் குடும்பம். 1950களில் பல்கேரியாவில் அதை ஆராய்ந்தார்கள், 2001-ல் அமெரிக்காவில் அல்சைமருக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. ரிவாஸ்டிக்மினுக்கு மூலவடிவம் தந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரை என்ற நச்சுக்கொட்டை. ஆகவே, ஒரு செடி மூளையின் வேதியியலைத் தொடும் என்பது மூடநம்பிக்கை இல்லை. எவ்வளவு ஆழமாகத் தொடுகிறது, எத்தனை நாளில், எந்த விலை கொடுத்து என்பதில்தான் இந்த ஐந்தும் பிரிந்து நிற்கின்றன.

முதலில் பெயர்க் குழப்பம்

பிரமி அல்லது பிராமி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செடிகள் விற்கப்படுகின்றன. ஒன்று நீர்ப்பிரமி, மற்றது வல்லாரை. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பது நமக்குப் பெரிய வசதி, ஆனால் டப்பாவின் மேல் அந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது.

செடியாகப் பார்த்தால் குழப்பமே வராது. வல்லாரை இலை சிறுநீரக வடிவத்தில், ஓரம் சின்னச் சின்ன வளைவுகளாக வெட்டுப்பட்டு, நீண்ட காம்பின் நுனியில் தனியாக விரிந்து நிற்கும். நீர்ப்பிரமி இலை விரல்நகத்தைவிடச் சிறியது, தடித்தது, நீர் கோத்தது. காம்பே இல்லாதது மாதிரி தண்டின் இரு பக்கமும் எதிரெதிராக ஒட்டியிருக்கும். பூ வெள்ளையாகவோ வெளிறிய ஊதாவாகவோ ஐந்து இதழோடு இருக்கும். காயவைத்துப் பொடித்துவிட்டால் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. சித்தி கொண்டுவந்த பொடியையும் மாமாவின் மாத்திரையை உடைத்த பொடியையும் வெள்ளைக் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பார்த்தேன். நிறத்தை வைத்து எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதனால் தாவரவியல் பெயரைத்தான் நம்ப வேண்டும். நீர்ப்பிரமி என்றால் பக்கோபா மொன்னியேரி. வல்லாரை என்றால் சென்டெல்லா ஏசியாட்டிகா. இந்தப் பெயர் இல்லாமல் பிராமி என்று மட்டும் போட்ட எதையும் நான் வாங்க மாட்டேன். நினைவுக்கு என்று விற்கப்படும் சங்கபுஷ்பிக்கும் இதே கதிதான். அந்தப் பெயரில் ஒருவர் தருவது ஒரு கொடி, இன்னொருவர் தருவது தரையில் படரும் வேறொரு செடி. அதனாலேயே அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

நீர்ப்பிரமி

ஐந்தில் இதைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. இதன் வேலைக்குக் காரணமாகக் கருதப்படுபவை பேக்கோசைடுகள் என்ற சபோனின்கள், அதாவது தண்ணீரில் சோப்புபோல் நுரைக்கும் தாவரப் பொருட்கள். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. அங்கே உருவான சாறுதான் (செடியின் சத்தைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கியது) பிறகு வெளிநாட்டு ஆய்வுகள் சிலவற்றிலும் பயன்பட்டது.

ஆய்வுக்குழாயிலும் எலிகளிலும் பார்த்தவை இவை: அசிட்டைல்கோலினை வெட்டும் நொதியை இது ஓரளவு தடுக்கிறது. ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதத்தைக் குறைக்கிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் பக்கமும் அதன் கை நீள்கிறது. இன்னொன்று, சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்த எலிகளின் ஹிப்போகாம்பஸில், அதாவது புதிய நினைவுகள் உருவாகும் பகுதியில், நரம்பணுக்களின் கிளைகள் அடர்ந்து வளர்ந்திருந்தன. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. நொதியைத் தடுப்பது சில மணி நேரத்தில் நடந்து முடியும் வேலை. கிளை வளர நாள் ஆகும். எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் மனிதர்களிடம் கண்ட கால அளவு இதோடு பொருந்திப் போகிறது.

2001-ல் வந்த இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் அது புரியும். ஒன்றில் 38 பேர். ஒரே ஒரு முறை 300 மில்லிகிராம் சாறு கொடுத்து, 2 மணி நேரம் கழித்துச் சோதித்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. மெல்போர்னின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொன்றில் 46 பேர், தினமும் அதே 300 மில்லிகிராம், 12 வாரம். கற்கும் வேகமும், கற்றது மனதில் பதிவதும் தேறின, பதற்றமும் குறைந்தது. ஐந்தாம் வாரத்தைவிட பன்னிரண்டாம் வாரத்தில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே, நாளை மறுநாள் பரீட்சை என்று இன்று இதை வாங்குவதில் பயனில்லை.

2002-ல் ஆஸ்திரேலியாவில் 40 முதல் 65 வயது வரை உள்ள 76 பேரிடம் செய்த ஆய்வு கொஞ்சம் வேறு மாதிரிச் சொன்னது: கற்கும் வேகம் மாறவில்லை, ஆனால் கற்றதை மறக்கும் வேகம் குறைந்தது. 2008-ல் 65 வயது தாண்டிய 54 பேரிடம் செய்ததில், ஒரு சொற்பட்டியலைச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்வதில் நீர்ப்பிரமி எடுத்தவர்கள் முன்னே நின்றார்கள். வெவ்வேறு ஆட்கள் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தைக் காட்டுகின்றன: புதிதாகக் கேட்டது நழுவாமல் நிற்பது. புத்திசாலித்தனம் கூடுவதாகவோ பழைய நினைவுகள் மீண்டு வருவதாகவோ இவை சொல்லவில்லை.

அளவையும் சொல்லிவிட வேண்டும். 2014-ல் 9 ஆய்வுகளை, 518 பேரைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பில் கவனத்தின் வேகம் கூடியது உறுதியானது, ஆனால் அந்த வேகம் மில்லி நொடிகளில் எண்ணப்படுவது. சோதனைத் தாளில் தெரிகிற வித்தியாசம் அன்றாட வாழ்க்கையில் தெரியும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பக்க விளைவும் அதே வேதியியலிலிருந்துதான் வருகிறது. குடலை அசைப்பதும் அசிட்டைல்கோலின்தான். அதனால் இதை எடுப்பவர்கள் சிலருக்குக் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, அடிக்கடி வெளிக்குப் போவது எல்லாம் வரும். நானே முதல் பத்து நாள் வெறும் வயிற்றில் எடுத்துக் குமட்டலோடு திரிந்தேன்; சாப்பாட்டுக்குப் பின் எடுக்கத் தொடங்கியதும் அடங்கியது. அப்புறம், ஆண் எலிகளிடம் விந்தணு உற்பத்தி குறைந்ததும், நிறுத்தியதும் அது திரும்பியதும் பதிவாகியிருக்கிறது. எலிகளில் தைராய்டு ஹார்மோன் கூடியதும் உண்டு. குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வல்லாரை

சித்திக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தேன். 2017-ல், வல்லாரையை மனிதர்களுக்குக் கொடுத்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, நினைவு உட்பட அறிவுத்திறனின் எந்தப் பிரிவிலும் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் உறுதிப்படவில்லை. மனநிலையில்தான் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது: விழிப்புணர்வு கூடியது, எரிச்சல் குறைந்தது. முதியவர்கள் 28 பேரிடம் இரண்டு மாதம் செய்த ஒரு சிறு ஆய்வில், அதிகபட்ச அளவான 750 மில்லிகிராம் எடுத்தவர்களின் செயல் நினைவு (ஒன்றைச் சற்று நேரம் மனதில் வைத்துக் கையாளும் திறன்) தேறியது என்பது உண்மைதான். ஆனால் 28 பேரை, அதுவும் வெவ்வேறு அளவுகளுக்கும் வெற்று மாத்திரைக்கும் பிரித்த பிறகு, ஒரு பிரிவில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

இதில் இருக்கும் ஏசியாட்டிக் அமிலமும் ஏசியாட்டிகோசைடும் வெறும் பொருட்கள் அல்ல. புண் ஆறுவதில் அவற்றுக்கு நல்ல பெயர் உண்டு. எலிகளிடம் நரம்புக் கிளை வளர்ச்சியையும் பார்த்திருக்கிறார்கள். நினைவுக்கு என்று கேட்டால் மட்டும், மனிதர்களிடமிருந்து வரும் சான்று நீர்ப்பிரமியைவிட ஒரு படி கீழே நிற்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால் நீர்ப்பிரமியின் பெருமையை வல்லாரை இரவல் வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு.

ஜின்கோ

தம்பி அனுப்பவிருந்த ஜின்கோவைப் பற்றி முடிவெடுப்பதுதான் எனக்கு மிகச் சுலபமாக இருந்தது. காரணம், இதற்கு நடந்த அளவுக்குப் பெரிய சோதனை மற்ற நான்கில் எதற்கும் நடக்கவில்லை. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3069 பேர், தினம் இருவேளை 120 மில்லிகிராம் அல்லது வெற்று மாத்திரை, சராசரியாக 6 ஆண்டுகளுக்கு மேல். 2008-ல் முடிவு வந்தது: மறதி நோய் வருவதை ஜின்கோ தடுக்கவில்லை. ஜின்கோ எடுத்தவர்களில் 277 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 246 பேருக்கும் நோய் வந்தது. 2012-ல் பிரான்சில் 70 வயது தாண்டிய 2800-க்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்து ஆண்டுகள் செய்த சோதனையும் அதையே சொன்னது. நோய் எதுவும் இல்லாத 230 முதியவர்களுக்கு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்விலும் நினைவு கூடவில்லை.

இதற்குப் பிறகும் ஜின்கோ இவ்வளவு விற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வயதானவர்கள் பயத்தில் வாங்கும் பொருள் இது. அந்தப் பயத்துக்கு எதிரே வைக்கக்கூடிய பதில் பல வருடமாகக் கையில் இருக்கிறது. ஏற்கெனவே மறதி நோய் வந்து, கூடவே மனக்கொந்தளிப்பும் இருப்பவர்களுக்கு 240 மில்லிகிராம் சாறு சற்று உதவலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அது மருத்துவர் பார்த்துத் தர வேண்டிய விஷயம்.

ஆபத்தும் உண்டு. ஜின்கோவில் உள்ள ஜின்கோலைடு பி, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைத் தூண்டும் ஒரு பொருளை எதிர்க்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுப்பவர்களுக்கு இரத்தக் கசிவு வர வழியுண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் நிறுத்தச் சொல்வதும் அதனால்தான். விதையில் இருப்பது வேறு நச்சு. வைட்டமின் பி6-இன் வேலையைக் கெடுத்து வலிப்பையே கொண்டுவரக்கூடியது.

ஹூபர்சைன்

டப்பாவில் மூலிகை என்று எழுதியிருக்கலாம். நான் இதை மருந்து என்றே கணக்கில் வைக்கிறேன். ஹூபர்சியா செர்ராட்டா என்ற பாசி போன்ற சிறு செடியிலிருந்து 1980களில் சீனாவில் பிரித்த ஒற்றை மூலக்கூறு இது. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராமில் அளந்து கொடுக்கும் அளவுக்கு வீரியமானது. டோனெபெசில் பிடிக்கும் அதே நொதியைப் பிடித்து, பல மணி நேரம் விடாமல் வைத்துக்கொள்கிறது. இதயத் துடிப்பு குறையலாம், ஆஸ்துமா தூண்டப்படலாம், வயிற்றுப்புண் மோசமாகலாம்.

பலனாவது அந்த அளவுக்கு இருக்கிறதா? அல்சைமர் உள்ள 210 பேரிடம் செய்த, 2011-ல் வெளியான ஆய்வில், 200 மைக்ரோகிராம் இருவேளை, 16 வாரம் கழித்து அறிவுத்திறன் மதிப்பெண்ணில் முன்னேற்றம் இல்லை. அதைவிட இரு மடங்கு கொடுத்தபோது கொஞ்சம் தெரிந்தது. இந்த நொதியைக் கட்டிப்போட வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்தால், அளவும் ஆபத்தும் நன்றாகத் தெரிந்த மருந்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு யாரும் மேற்பார்க்காத ஒரு டப்பாவிலிருந்து அதே வேலையைச் செய்துகொள்வதில் எனக்குக் காரணம் தெரியவில்லை. டோனெபெசில் எடுப்பவர் இதையும் சேர்த்தால் ஒரே கதவை இரண்டு பேர் தள்ளுகிற மாதிரி ஆகிவிடும்.

அமுக்கரா

அக்கா சொன்னதில் பாதி சரி. அமுக்கராவின் வேர் முக்கியமாகத் தொடுவது மன அழுத்தத்தை. மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவு குறைவதும், தூக்கம் தேறுவதும் பல சிறு ஆய்வுகளில் வந்திருக்கின்றன. மூளையின் பிரேக் போன்ற காபா அமைப்பின் மேலும் அது வேலை செய்வதாகத் தெரிகிறது. கார்ட்டிசால் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் ஹிப்போகாம்பஸுக்கு நல்லதில்லை என்பதால், அழுத்தம் குறைந்து நினைவு தெளிவது நடக்கக்கூடியதுதான். லேசான மறதி உள்ள 50 பேருக்கு 300 மில்லிகிராம் இருவேளை எட்டு வாரம் கொடுத்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு நல்ல முடிவையே சொன்னது. ஆனால் 50 பேர், எட்டு வாரம்.

மறுபக்கத்தில் கல்லீரல் பாதிப்பு பற்றிய பதிவுகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. அபூர்வம்தான், ஆனால் மஞ்சள் காமாலை வரை போனவை உண்டு. தைராய்டு ஹார்மோனையும் கூட்டக்கூடும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. டென்மார்க் 2023-ல் இதைத் தடை செய்ததற்கும் இப்படிப்பட்ட கவலைகள்தான் காரணம். தூக்கமில்லாமல், பதற்றத்தில், எதிலும் மனம் நிற்காமல் தவிப்பவருக்கு இது ஒரு வழியாக இருக்கலாம். அம்மா படுத்தவுடன் தூங்குகிறவர்.

பொடியா, சாறா

ஆய்வுகள் எல்லாம் பேசுவது சாறைப் பற்றி. மேலே சொன்ன மெல்போர்ன் ஆய்வில் பயன்பட்ட சாறில் பேக்கோசைடுகள் 55 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தன. காய்ந்த செடியின் பொடியில் அது சில சதவீதமே இருக்கும். அதுவும் பறித்த பருவத்தையும் உலர்த்திய விதத்தையும் பொறுத்து மாறும். ஆக, பொடி எடுப்பவர் ஆய்வில் வந்த பலனை எதிர்பார்க்க முடியாது, எவ்வளவு எடுத்தோம் என்று கணக்குப் பார்க்கவும் முடியாது. சாறிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புற ஊதா ஒளியில் அளந்தால் சதவீதம் அதிகமாக வரும், கலவையில் உள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் அளந்தால் குறைவாக, உண்மைக்கு நெருக்கமாக வரும். எப்படி அளந்தது என்று சொல்லாத சதவீதத்தை வைத்து இரண்டு டப்பாக்களை ஒப்பிடாதீர்கள்.

பழைய முறையில் பிரமி நெய் என்று நெய்யில் காய்ச்சித் தந்ததற்குப் பின்னால் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பேக்கோசைடுகள் தண்ணீரோடு மட்டும் சேர்ந்து குடலைக் கடப்பது கடினம்; கொழுப்பு துணைக்கு வந்தால் வழி சுலபமாகலாம்.

இதைவிடப் பெரிய கவலை உலோகம். நீர்ப்பிரமி சதுப்பிலும் நீரோரத்திலும் வளர்வது. தண்ணீரில் காட்மியமோ ஈயமோ இருந்தால் அதை இழுத்துத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். அசுத்த நீரைச் சுத்தம் செய்யவே இந்தச் செடியைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல நீரில் வளர்ந்ததா, சாக்கடையோரம் வளர்ந்ததா என்று பொடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2008-ல் இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருந்தது. ஈயம் போய் உட்காரும் இடங்களில் மூளையும் ஒன்று. நினைவுக்காக எடுத்தது நினைவையே தின்னும் நிலை யாருக்கும் வரக் கூடாது. ஒவ்வொரு தொகுதிக்கும் உலோகச் சோதனை அறிக்கை தராத தயாரிப்பு எனக்கு வேண்டாம்.

அம்மாவுக்கு என்ன செய்தேன்

எதையும் கொடுக்கவில்லை. முதலில் அம்மா ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைகளை வரிசையாக எழுதினேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை. அப்புறம், தோல் அரிப்புக்காக இரவில் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை, குளோர்பெனிரமைன். ஒரு வாரத்துக்கு என்று எப்போதோ எழுதிக் கொடுத்தது. அரிப்பு போன பிறகும், நன்றாகத் தூக்கம் வருகிறது என்று இரண்டு வருடமாக விடாமல் எடுத்திருக்கிறார். அதை எழுதிக் கொடுத்தவரும் சரி, மாதாமாதம் தந்தவர்களும் சரி, நிறுத்தச் சொல்லவே இல்லை.

குளோர்பெனிரமைன் மூளைக்குள் போய் அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் எடுக்கும் டைஃபென்ஹைட்ரமைன், மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்சிபியூட்டினின் எல்லாம் இதே வேலையைச் செய்யக்கூடியவை, முதியவர்களிடம் இன்னும் பலமாக. நீர்ப்பிரமியைக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் அசிட்டைல்கோலினைத் தேக்க ஒரு மாத்திரை, இரவில் அதை அடைக்க ஒரு மாத்திரை. மெட்ஃபார்மினும் அமிலக் குறைப்பானும் சேர்ந்து நீண்ட நாள் போனால் வைட்டமின் பி12 குறையும். பி12 குறைந்தாலும் மறதி வரும். அதை எந்த மூலிகையாலும் ஈடு செய்ய முடியாது.

பட்டியலோடு மருத்துவரிடம் போனோம். அவர் மஞ்சள் மாத்திரையை நிறுத்தினார், பி12-உம் தைராய்டும் பார்க்கச் சொன்னார். தைராய்டு சரியாக இருந்தது. பி12 மிகவும் குறைந்திருந்தது, ஊசி போட்டார்கள். நிறுத்தியதும் முதல் வாரம் அம்மாவுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை, எரிச்சலோடு இருந்தார். இரண்டாம் மாதம் நோட்டில் அளவை அவரே எழுதத் தொடங்கினார். இதில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, இரண்டும் ஒன்றாக நடந்தன.

நீர்ப்பிரமியை எடுத்தது நான். எனக்கு 44 வயது, வேறு மாத்திரை எதுவும் இல்லை, படித்த பெயர்கள் நழுவுகின்றன என்ற குறை மட்டும். உலோகச் சோதனை அறிக்கை உள்ள சாறு, தினம் 300 மில்லிகிராம், 12 வாரம், அதோடு நிறுத்திவிடுவது என்று முதல் நாளே காலண்டரில் குறித்துக்கொண்டேன். முடிவுத் தேதி இல்லாமல் தொடங்கிவிட்டால், வேலை செய்கிறதா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

சோதனையையும் வீட்டிலேயே செய்துகொண்டேன். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 15 சொற்களை மனைவி ஒருமுறை நிதானமாக வாசிப்பார். நான் வேறு வேலை பார்ப்பேன். 30 நிமிடம் கழித்து நினைவில் உள்ளதை எழுதுவேன். ஒவ்வொரு வாரமும் புதுப் பட்டியல். சாறு தொடங்குவதற்கு முன் மூன்று வாரம் இதைச் செய்து பழகிக்கொண்டேன், பழக்கத்தால் வரும் முன்னேற்றத்தை மாத்திரையின் கணக்கில் எழுதிவிடக் கூடாதே என்று. பழகிய மூன்று வாரத்தில் 6, 7, 7. கடைசி மூன்று வாரத்தில் 8, 7, 9. கொஞ்சம் கூடியிருக்கிறது. ஒரே ஆள், வெற்று மாத்திரை இல்லை, எதை எடுக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும், ஆகவே இதை ஆதாரம் என்று யாரிடமும் காட்ட மாட்டேன். நிறுத்திய பிறகும் பட்டியல் வாசிப்பது தொடர்கிறது. எண்கள் இறங்குகின்றனவா என்று இன்னும் ஆறு வாரம் பார்க்க வேண்டும்.

சித்தியின் வல்லாரைப் பொடியில் தாவரப் பெயரும் இல்லை, சோதனை விவரமும் இல்லை. அம்மாவின் அரிப்பு மாத்திரையைப் பற்றிச் சித்தியிடம் விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, தன் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். சளிக்காக வாங்கியது, அதே மஞ்சள் மாத்திரை, பாதி காலி. இப்போது அவருடைய பட்டியலையும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.